எந்தக் கால்

சாவி கைக்கு வந்தது நவம்பர் பதினேழு.
இருபது வருடக் கடனுக்கு
ஐந்தாம் மாடியில் ஒன்றரை அறை.
ஒன்றரை என்றது தரகர்.
அந்த அரையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

குதாயிசியில் அன்று மழை.
எங்கள் லிஃப்ட் காசு போட்டால்தான் ஏறும், இருபது தெத்ரி.
மிச்சம் பிடிக்கிறேன் என்று
ஷல்வா மெத்தையைத் தலையில் வைத்துப் படியேறினான்.
மெத்தைக்கு அடியிலிருந்து
மூச்சு மட்டும் என் பின்னால் வந்தது.

டிசம்பர் முழுக்கச் சுவர் சுரண்டினோம்.
பச்சைத் தாளுக்கு அடியில் நீலத் தாள்,
நீலத்துக்கு அடியில் செய்தித்தாள்,
அதில் ஏதோ அறுவடைக்கு யாரோ கையசைக்கிறார்கள்.
அவர்கள் மேலேயே வெள்ளை அடித்தோம்.
என் தலையில் வெள்ளை, அவன் புருவத்தில் வெள்ளை.
கண்ணாடியில் பார்த்தால்
நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து முடித்த மாதிரி.

முப்பதாம் தேதி சந்தையில் சிச்சிலாக்கி வாங்கினேன்,
ஹேசல் கொம்பைச் சீவிச் சீவிச்
சுருள் சுருளாகத் தொங்கவிட்ட வெள்ளை மரம்.
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
இதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கட்டுமா
என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

வருடம் பிறந்ததும் வாசலை முதலில் மிதிப்பவர்
மெக்வ்லே.
அவர் கால் ராசிதான் வீட்டுக்கு, அடுத்த டிசம்பர் வரை.
கையில் இனிப்பு இருக்க வேண்டும்.
வலது காலை எடுத்து வைக்க வேண்டும்.
மூன்று நாள் பேசினோம், மாப்பிள்ளை பார்ப்பதுபோல்.
அவன் அக்கா வந்த வருடம் அவர்கள் பசு செத்தது.
என் மாமா வந்தால் போகமாட்டார்.
கடைசியில் ஸாஸா.
ஸாஸாவுக்கு இரண்டு முறை லாட்டரி விழுந்திருக்கிறது.
சின்னத் தொகைதான், ஆனாலும்.

பன்னிரண்டு அடித்தது. ஊரே வெடித்தது.
மேஜையில் சத்சிவி, தேனில் இறுகிய அக்ரூட்.
கதவுக்குப் பின்னால் நின்றோம்
வரவேற்கும் முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு.

மின்சாரம் போனது.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் எங்கோ
ஸாஸாவின் ராசியான குரல்:
“தெக்லா! காசு போட்டேனே!”

ஓடினோம். நான் மெழுகுவத்தியோடு,
அவன் ஒரு கரண்டியோடு,
எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.
பின்னால் கதவு
தன்னைத்தானே சாத்திக்கொண்டது.
சாவி உள்ளே, சத்சிவிக்குப் பக்கத்தில்.

பக்கத்து வீட்டு லியானா
தலையில் சுருட்டுக் குழல்களோடு
தன் பால்கனியைத் திறந்துவிட்டாள்.
உயரம் என்றால் உள்ளங்கை வியர்க்கும் ஷல்வாவுக்கு.
இதை என்னிடம் அன்றுதான் சொன்னான்,
ஐந்தாம் மாடியில் வீடு வாங்கி ஆறு வாரம் கழித்து.

ஆகவே நான்.
பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே
ஒரு முழம் இருட்டு.
கீழே யாரோ விட்ட வாணம்
என் முழங்கால் உயரத்தில் பூத்து உதிர்ந்தது.
அந்த வெளிச்சத்தில் என் வீட்டை
வெளியிலிருந்து பார்த்தேன்:
கண்ணாடிக்கு அப்பால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி,
தாடி தொங்கும் ஒரு மரம்.
யார் வீடோ,
நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பிறகு குதித்து, ஓடி, கதவைத் திறந்தேன்.
வாசலில் கரண்டியோடு அவன்.
விளக்கு வந்தது. லிஃப்ட் வந்தது.
நசுங்கிய இனிப்புப் பையை நீட்டி
“நான்தானே முதல்?” என்றான் ஸாஸா.
இருவரும் சத்சிவியைப் பரிமாறினோம்.

ஜனவரி இரண்டு பெதோபா, விதியின் நாள்.
அன்று எப்படியோ வருடமும் அப்படி.
காலையிலிருந்து கேட்கிறான்,
பால்கனியில் எந்தக் காலை முதலில் வைத்தாய்?
வலது.
இல்லை, இடது கையால் பிடித்திருந்தாய்,
வலது வந்திருக்கவே முடியாது.
நாற்காலியில் ஏறி நடித்துக் காட்டினேன்.
நாற்காலி ஆடியது.
இறங்கு இறங்கு என்று
வியர்த்த கைகளால் என் இரண்டு கால்களையும்
கட்டிப் பிடித்துக்கொண்டான்.

இறங்கவில்லை நான், கொஞ்ச நேரம்.
வருடம் இப்படியே போனால் போகட்டும் என்று.