பதினோரு பக்கம்

தோல் பதனிடுபவரின் மகன்.
பகலில் ஓக் பட்டை ஊறும் தொட்டி,
இரவில் இரவல் வாங்கிய சட்டப் புத்தகம்.
ஆசஹெல் ப்ரூவிட் புரட்டிய தாள்களில்
பச்சைத்தோல் வாடை கடைசிவரை போகவில்லை என்று
புத்தகத்தைத் திரும்பப் பெற்ற வக்கீல் சொன்னாராம்.

இண்டியானாவில் ஐந்து மாவட்டத்துக்கு ஒரு நீதிபதி.
மார்ச்சில் முழங்கால் சேறு, ஜனவரியில் பனி.
ஒற்றைக்கண் குதிரை. சேணப்பையில்
சட்டத் தொகுப்பு, மாற்றுச் சட்டை, ஒரு வெங்காயம்.
சத்திரத்தில் ஒரே கட்டிலில்
வாதியின் வக்கீல், பிரதிவாதியின் வக்கீல், நடுவில் இவர்.
தூக்கத்தில் இருபுறமும் சமமாக உதைப்பார்.

வாபாஷ் கரைக்கு ரயில் வந்த வருஷம்
தர்ஸா கிம்ப்ரோ என்ற விதவையின் பசுவை
எஞ்சின் அடித்துப்போட்டது.
வேலி போடாதது யார் குற்றம்?
கம்பெனிக்கு மூன்று வக்கீல், மூன்று பட்டுத் தொப்பி.
இவர் பதினோரு பக்கம் எழுதினார்:
மேய்ச்சலின் உரிமை, புல்லின் இயல்பு,
இரும்புக்கு முந்திப் பிறந்தது கால்நடை என்று
லத்தீனும் வேதாகமமும் கலந்து.
விதவைக்குப் பதினெட்டு டாலர்.
பின்னால் கம்பெனி அனுப்பிய இலவசப் பயணச்சீட்டு
அதே உறையில் திரும்பிப் போனது,
தபால் செலவு ப்ரூவிட்டுடையது.
ஊரில் ஒரு கன்றுக்கு அவர் பெயர்.

அதே பதிவேட்டில், நாலு தாள் தள்ளி,
கிடியன் மேப்ஸ். கறுப்பர்.
கென்டக்கியில் விடுதலைப் பத்திரம் வாங்கி
ஆற்றைக் கடந்து வந்தவர்.
கறுப்பர் குடிவரக் கூடாது,
வேலை கொடுத்தவருக்கு அபராதம்:
மாநில அரசியல் சட்டம், பதின்மூன்றாம் பிரிவு.
சோளம் அறுக்க அழைத்த விவசாயிக்குப் பத்து டாலர்.
மேப்ஸுக்கு எல்லை.
கூலியா? ஒப்பந்தமே செல்லாது;
ஆறு வாரம் அறுத்தது அறுத்ததுதான்.
ப்ரூவிட் எழுதியது மூன்று வரி.
அதில் ஒன்று தேதி.

அன்றிரவு நன்றாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்.
சத்திரக்காரியின் கணக்கில் இருக்கிறது:
பன்றி இறைச்சி, காபி இரண்டு.

பத்து வருஷம் போனது. போரும் முடிந்தது.
அந்தப் பிரிவு செல்லாதென்று உச்சநீதிமன்றம் சொன்ன காலையில்
செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு
கிழவர் பதிவேட்டு அறைக்கு நடந்தார்.
எழுத்தன் ஏட்டை இறக்கிப் போட்டான்.
பேனாவை மையில் தோய்த்தார்.
முடிந்த வழக்கில் ஓர் எழுத்தும் சேர்க்க
யாருக்கும் அதிகாரமில்லை, நீதிபதிக்கும்கூட.
வேறொரு வழக்கில் அப்படித் தீர்ப்பளித்தவர் அவர்தான்.
முள்ளில் மை காய்ந்தது.

"கிழிந்திருக்கிறதா ஐயா?" என்றான் எழுத்தன்.
"இல்லை," என்றார்.
மூன்றாம் வரிக்குக் கீழே விரலை வைத்து
தாளின் அடிவரை மெல்ல இறக்கினார்.
"இவ்வளவு இடம் இருந்திருக்கிறது."