நானூற்று இருபது

வேதாளைக்கு இரண்டு கடல்.
வடகடல் கலங்கிக் கிடந்தால்
வலையைத் தூக்கிக்கொண்டு தென்கடலுக்குப் போவார்கள்.
நடுவில் ரயில் ரோடு,
ஒரு செல்போன் டவர்,
அது தருகிற இரண்டு புள்ளி சிக்னல்.

அந்த இரண்டு புள்ளியை வைத்துத்தான்
நண்டு விலைப் பக்கத்தை எழுதினேன்.
சிக்னல் போனாலும் பக்கம் வெளுத்துப் போகக் கூடாது,
கடைசியாகத் தெரிந்ததை வைத்திருக்க வேண்டும் என்று
ஞாபகம் கொடுத்தேன் அதற்கு.
நல்ல ஞாபகம். வட்டிக்காரன் ஞாபகம்.

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால்.
கம்பெனி வேன் உறுமிக்கொண்டு நிற்க
நம்புத்தாய் போனைச் சேலையில் துடைத்து
விரலால் பக்கத்தைக் கீழே இழுக்கிறாள்.
சின்ன வட்டம் சுற்றுகிறது. நிற்கிறது.
நீலக்கால் நண்டு, கிலோ நானூற்று இருபது.
மறுபடி இழுக்கிறாள். வட்டம். நானூற்று இருபது.
மூன்றாம் தடவை
கரைவலை இழுக்கிற மாதிரி, மணலில் காலை ஊன்றி.
நானூற்று இருபது.

பதினோரு கிலோவைப் போட்டுவிட்டு வந்தாள்.
மண்டபத்தில் அன்றைக்கு ஐந்நூற்றுப் பத்து.

போனில் திட்டவில்லை.
"தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூவா தம்பி" என்றாள்.
கொஞ்சம் கழித்து,
"அந்த நம்பரப் பாத்தப்பவே எனக்குத் தோணிருக்கணும்."

ராத்திரி, உச்சிப்புளி அறையில்
மின்விசிறி நின்றுபோன நேரத்தில்
வரி வரியாய்ப் போய்ப் பார்த்தேன்.
புது விலை வந்திருக்கிறது.
சர்வர் அனுப்பி, போன் வாங்கி,
பக்கத்தின் வாசல் வரைக்கும் வந்து நின்றிருக்கிறது.
உள்ளே கூப்பிட ஆளில்லை.
பிறந்த அன்று ஒரே ஒருமுறை கேட்டதை
மடியில் முடிந்துகொண்டு
யார் வந்து இழுத்தாலும்
முடிச்சை அவிழ்த்து அதையே காட்டியிருக்கிறது,
திங்கட்கிழமையின் உண்மையை.

மருந்து ஒரே வரி:
இழுக்கும்போதெல்லாம் அதற்குப் புதுப் பெயர் வை.
பெயர் மாறினால் ஆளே மாறிவிட்டதென்று
பழையதைக் கலைத்துவிட்டு
அடியிலிருந்து கட்டும்.
அந்தந்த நொடியையே பெயராக வைத்தேன்.
விடிகாலை நாலு மணிக்கு இழுத்துப் பார்த்தேன்.
செத்தது, பிறந்தது,
நானூற்றுத் தொண்ணூற்றைந்து என்றது.
தனியாக உட்கார்ந்து கைதட்டினேன்.

வியாழக்கிழமை மறுபடி போன்.
"வெல இப்பச் சரியா வருது தம்பி.
நான் எழுதுனதெல்லாம் எங்க?"

ஏழு கூடை எடையை
ஈர விரலால் ஒவ்வொன்றாய் அடித்தவள்
எட்டாவது கூடை தராசில் ஏறும்போது
விலை பார்க்க இழுத்திருக்கிறாள்.
புதிதாய்ப் பிறந்த பக்கத்துக்கு
அவள் யாரென்றே தெரியவில்லை.

நண்டு வேனில் போய்விட்டது.
அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:
ஒண்ணு முக்கால், ரெண்டே கால், அதுல ஒடஞ்சது நாலு,
சினை நண்டு கடல்ல விட்டது ரெண்டு.
ஏழு கூடையும் அப்படியே இருந்தன அவளிடம்.

இப்போது விலைக்கு ஓர் அறை, எடைக்கு ஓர் அறை.
இழுத்தால் முதல் அறை மட்டும் இடிந்து எழும்.
மற்றது, அவளே அழிக்கிற வரைக்கும் இருக்கும்.
வடகடல், தென்கடல் மாதிரி அக்கா என்றேன்
பெருமையாக.
"ரெண்டும் பாம்பன்ல போய்ச் சேருதே தம்பி" என்றாள்.

சேருகிற இடம்தான்:
எடையை விலையால் பெருக்குகிற கடைசிக் கட்டம்.
இப்போதுதான் திறந்து பார்க்கிறேன்.
அங்கே இன்னும் நானூற்று இருபது.

சனிக்கிழமைக்குள் முடித்துத் தருகிறேன் என்று
சொல்லியிருக்கிறேன்.