சைபர் தீர்ந்த நாள்

ஓர் ஏணி, ஒரு தகரப்பெட்டி,
மேலே ஏறினால் தலை சுற்றாத பெண்:
கடை திறந்தபோது அவர்கள் கேட்டது இவ்வளவுதான்.
எண்பத்தேழு. ரொசாரியோ, கோர்தோபா வீதி.
நான் எர்மீனியா ஸபாத்தினி. எனக்குத் தலை சுற்றவில்லை.

உள்ளே சுவரில் ஒரு படம்.
அமெரிக்காவில் ஏதோ நெடுஞ்சாலை ஓரம்,
வெள்ளைத் தொப்பிப் பையன்கள், மூக்கு நீண்ட கார்கள்,
பலகையில் பர்கர் பதினைந்து சென்ட்.
"வருஷக்கணக்கில் அந்த விலை அசையவே இல்லை" என்றார்
மேலாளர் பெர்தொலோத்தி,
ஒரு மலையைக் காட்டுவதுபோல.
எங்கள் பர்கர் அன்று மூன்று ஆஸ்திரல்.
பெட்டியில் சிவப்பு பிளாஸ்டிக் எண்கள்,
ஒவ்வொன்றிலும் இருபது.
ஒரு தலைமுறைக்குக் காணும் என்றார்.

காணவில்லை.

எண்பத்தொன்பதில் காலையில் ஏறினேன், மதியம் ஏறினேன்,
சில நாள் விளக்கு வைத்த பிறகும் ஏறினேன்.
ஏணியை உள்ளே எடுத்துவைப்பதையே விட்டுவிட்டோம்.
மே கடைசியில் ஜனங்கள் பேரங்காடிகளை உடைத்தபோது
ஷட்டரை இறக்கிவிட்டு எண்ணெய் வாசனையில் உட்கார்ந்திருந்தோம்.
இருட்டில் யாரோ கேட்டார்கள்:
"இப்போது பர்கர் என்ன விலை?"
யாருக்கும் தெரியவில்லை.

டாக்சி ஓட்டுகிற லெஸ்கானோ
ஜூனில் ஒரு மதியம் வரிசையில் நின்றார்.
நுழையும்போது இருநூற்று எண்பது.
கையில் எண்ணிவைத்த இருநூற்று எண்பது.
அவருக்கு முன்னால் நான்கு பேர்.
பெர்தொலோத்தி என் கையில் ஒரு மூன்றும் ஒரு நான்கும் திணித்தார்.
ஏறினேன். கீழே பார்த்தேன்.
அவர் பலகையைப் பார்க்கவில்லை, என் செருப்பைப் பார்த்தார்.

கால் வழுக்கியது.
மூன்று விழுந்து மேசைகளுக்கு அடியில் உருண்டது.
இறங்கினேன், தேடினேன், ஒவ்வொரு நாற்காலியாக நகர்த்தினேன்,
அவர் பர்கரைக் கடிக்கும்வரை தேடினேன்.
அது வழுக்கியதா, வழுக்கவிட்டேனா
என்று பெர்தொலோத்தி கேட்டார்.
எனக்குத் தலை சுற்றியது என்றேன்.

தொண்ணூற்றொன்றில் சைபர் தீர்ந்தது.
பர்கருக்கே இருபதாயிரம், நான்கு சுழி,
கீழே இன்னும் பத்துப் பண்டம் காத்திருந்தது.
தலைநகரத்துக்குக் கடிதம் போட்டோம். பதில் வரவில்லை.
அப்போதுதான் கோழியைப் பார்த்தேன்.
எங்கள் மொழியில் போஷோ: அந்தச் சொல்லில் இரண்டு வட்டம்.
கேசோவில் ஒன்று, எலாதோவில் ஒன்று.
கோழியிலும் பாலாடைக்கட்டியிலும் ஐஸ்கிரீமிலும்
பிடுங்கிப் பிடுங்கி விலைக்கு வைத்தேன்.
பண்டத்தின் பெயர் பல்லுப்போய் நின்றது.
விலை மட்டும் முழுசாக இருந்தது.
ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் படிக்க முடிந்தது.

பிறகு ஒரு புத்தாண்டு இரவில் அரசாங்கம்
நான்கு சுழியைத் துடைத்துவிட்டது.
இருபதாயிரம் இரண்டானது. புதுப் பணம், பேசோ.
ஜனவரி வெயிலில் அரைநாள் ஏணியில் நின்று
கோழிக்கு அதன் எழுத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
ஒன்று மிஞ்சியது. எடுத்துக்கொண்டேன்.
சம்பளத்துக்கு மேல் நான் எடுத்தது அது ஒன்றுதான்.

அவர்கள் கணக்கு பலகையில்.
என் கணக்கு ரசீதுகளின் முதுகில்:
ஒரு பர்கருக்கு எத்தனை நிமிஷ வேலை.
சேர்ந்த வருஷம் ஐம்பது.
லெஸ்கானோ வந்த மாதம் நூற்றெழுபது.
புதுப் பணத்தில் நாற்பதுவரை இறங்கியது,
சிரித்துக்கொண்டே எழுதினேன்.
இரண்டாயிரத்தொன்று டிசம்பரில் வங்கிகள் பூட்டிக்கொள்ள,
வீதியெங்கும் ஜனங்கள் பாத்திரம் தட்டினார்கள்.
அந்த வாரத்து ரசீதில் ஒன்றும் எழுதவில்லை.

இப்போது திரை.
ஏணி இல்லை, பெட்டி இல்லை.
எந்த ஊரிலோ யாரோ விரலால் தொட,
வரிசையில் நிற்கும்போதே எண் மாறுகிறது, சத்தமில்லாமல்.
மறுபடி மூன்று சுழி வந்துவிட்டது.
என் முன்னால் சீருடையில் ஒரு நர்ஸ்,
கையில் எண்ணிவைத்த நோட்டு.
அவள் நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.
மேலே வழுக்குவதற்கு ஒரு காலும் இல்லை.

சாவிக்கொத்தில் அந்தச் சிவப்பு வட்டம் தொங்குகிறது.
ஓய்வூதியத்தை நிமிஷமாக மாற்ற எனக்குத் தெரியவில்லை.
சின்ன உருளைக்கிழங்கு வறுவல் ஒன்று கேட்டேன்.
உப்பு வேண்டுமா என்றது இயந்திரம்.