நாற்பத்தேழாவது படிவம்

நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள்.
கேண்டீனில், நூலகப் படிக்கட்டில்,
சேப்பாக்கம் பறக்கும் ரயில் நடைமேடையில்கூட
கெஞ்சிக் கெஞ்சி வாங்கியவை.
ஒன்றில் சாம்பார் கறை.
ஒன்றில் எல்லாக் கேள்விக்கும் ஐந்து,
கண்ணை மூடிக்கொண்டு இழுத்த கோடு.

இரவு பதினொன்றரை.
திருவல்லிக்கேணி விடுதி அறையில்
மின்விசிறியை மூன்றில் வைத்தால் வியர்க்கிறது,
நாலில் வைத்தால் தாள் பறக்கிறது.
சோப்பு டப்பா, சார்ஜர், எவர்சில்வர் டம்ளர்,
கைக்குக் கிடைத்ததைக் கனம் வைத்து
எக்செல்லில் எண்களை ஏற்றுகிறேன்.
படிப்பின் அழுத்தம்: நாலு, நாலு, ஐந்து, நாலு.
உந்துதல்: மூன்று.
வாழ்வில் நிறைவு:

நாற்பத்தேழில் கை நின்றது.
இரண்டாமாண்டு, இயந்திரவியல்.
பெயர் வேண்டாம் என்று அச்சிட்டிருந்தும்
ஜெரால்டு என்று எழுதி, பிறகு அடித்திருக்கிறான்.
'மொத்தத்தில் என் வாழ்க்கை எனக்குத் திருப்தி.'
மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
சின்னதாய் ஒரு டிக்.
ஓரத்தில், பென்சிலில்:

எந்தக் கெழமைய கேக்கறீங்க மேடம்?
செவ்வாய்னா ஒண்ணு. மேத்ஸ் அரியர்
மூணாவது தடவையா புட்டுக்கிச்சு.
வியாழன் மழை. வியாசர்பாடி சப்வேல முட்டி வரை தண்ணி,
இன்டர்னல் தள்ளிப்போச்சு.
பைக்க தள்ளிக்கினே நாலு பேரும் சிரிச்சோம், அஞ்சு.
இன்னைக்கி வெள்ளி.
லேப்ல ஒரு பழைய என்ஜின கழட்டி மாட்டினேன். ஓடிச்சு.
அதுக்கு மார்க் இல்ல, யாரும் செய்யச் சொல்லவும் இல்ல.
அத எந்தக் கட்டத்துல போடறது?

வழிகாட்டிக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
அவரும் தூங்கவில்லை போல.
'செல்லாதது. நீக்கிவிடு. நூற்றுப் பதினொன்று என்று திருத்து.
திங்கள் காலை என் மேசையில் இருக்க வேண்டும்.'
சரிதான். மூன்றரை என்றோர் எண்
என் அளவுகோலில் கிடையாது.
வைக்காதவள் நான்தான்.

அழுத்தம் கூடினால் நிறைவு குறையும்,
உந்துதல் இடையில் நின்று தாங்கும்.
என் கருதுகோள் இது. மூன்று பெட்டி,
நடுவே அம்புகள், நேர்த்தியாக வரைந்தாயிற்று.
செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் இடையே
அந்த அம்பு எங்கே குத்துகிறதென்று
தெரியவில்லை.

மீந்திருந்த வெற்றுப் படிவமொன்றை
எனக்கே நிரப்பினேன்.
அழுத்தம் ஐந்து, யோசிக்கவே இல்லை.
உந்துதலுக்குக் கொஞ்சம் பொய்.
கடைசிக் கேள்விக்கு எண் வரவில்லை.
மணி பார்த்தேன், ஓரத்தில்
'சனி பிறந்து இருபது நிமிடம்' என்று மட்டும் குறித்தேன்.
அம்மாவின் தவறிய அழைப்பு இரண்டு.

எழுந்துபோய்
ரெகுலேட்டரை மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில்
நிறுத்திப் பார்த்தேன்.
நிற்கிறது.
கொஞ்சம் முனகுகிறது, அவ்வளவுதான்.