விதி எண் 41

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, வூட்ச் நகரம்.
விடியுமுன் பழைய நூற்பாலையின் நிலவறைக்குள் இறங்கி
புதுப் பெட்டியை மாட்டினேன்.
உயரம் நான்கு விரற்கடை. பச்சை விளக்கு ஐந்து.
இரைச்சல் மட்டும் மாவு மில் அளவு.
"பயர்வால் வந்துவிட்டது,
இனி நிம்மதியாகத் தூங்கலாம்" என்றான் விற்றவன்.
யாருடைய தூக்கம் என்று
நான் கேட்கவில்லை.

ஒன்பதரைக்குள் முப்பத்தோரு புகார்.
கணக்குப் பிரிவு ப்ரோனிஸ்வாவாவை
வங்கி இருபது நிமிடத்துக்கொரு முறை
யாரென்று கேட்கிறது.
இரண்டாம் மாடிப் பிரிண்டர் காணாமற்போய்
மூன்றாம் மாடியில் அச்சடிக்கிறது.
கிதான்ஸ்க் கடையின் இணைப்பு
இருமல்காரன் பேச்சுபோல் அறுந்து அறுந்து வருகிறது.
தையல் கூடத்தில் ரேடியோ செத்துவிட்டது;
நாற்பது பெண்கள் மௌனத்தில் தைக்கிறார்கள்,
அந்த மௌனம் படியிறங்கி என்னைத் தேடி வருகிறது.
முதலாளி வித்தோல்டின் கால்பந்து மட்டும்
தங்குதடையின்றி ஓடுகிறது.

பத்தேகாலுக்கு, எங்கள் கடையே எங்களுக்குத் திறக்கவில்லை.
சிவப்புப் பக்கம். தடுக்கும் ஒரு கை.
வகை: வயது வந்தோருக்கு மட்டும்.

நாங்கள் தைப்பது உள்ளாடை.
அறுவைக்குப் பிறகு
ஒரு பக்கம் தட்டையாகிப் போனவர்களுக்கு,
உள்ளே சிறு பை வைத்து, அதில் சிலிக்கான் இருத்தி,
தோள் சாயாதபடி.
பெட்டிக்குச் சொல் தெரியும்.
எந்த வாய் அதைச் சொல்கிறது என்று தெரியாது.

வடிவமைப்பு ஹால்ஷ்கா அந்தச் சிவப்புப் பக்கத்தை
அச்செடுத்துக் கதவில் ஒட்டினாள்.
கீழே பேனாவால்:
"இன்றுமுதல் நாம் ஆபாசம். முத்திரையோடு."
உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பியானோ கேட்டேன்.
வகை மாற்ற ஐந்து வேலைநாள் ஆகும் என்றது ஓர் இளங்குரல்.
நானே எங்கள் முகவரியை
அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன்.
எல்லோரும் சிரித்தோம். முடிந்தது என்று நினைத்தேன்.

பதிவேட்டை இரவில்தான் படிப்பேன்.
வரி வரியாக, யார் எந்தக் கதவைத் தட்டினார் என்று.
வேலை தேடுகிறவர், வக்கீல் தேடுகிறவர்,
மகனின் பள்ளி மதிப்பெண்ணை
ஒரே மணியில் ஒன்பது முறை பார்த்தவர்.
பார்த்ததும் மறந்துவிடுவது என் சம்பளத்தில் அடக்கம்.

வெட்டும் அறை, இயந்திரம் இருபத்தேழு.
தினமும் பன்னிரண்டு பத்து, சாப்பாட்டு நேரம்.
ஒரு மருத்துவமனைப் பக்கம்: தடை.
மறுநாள் வேறு மருத்துவமனை: தடை.
சொல்லை மாற்றி, எழுத்தை மாற்றி,
வெள்ளிக்கிழமை லத்தீனில்.
லத்தீனுக்கும் தடை.

இருபத்தேழில் ஒருத்திதான் உட்காருகிறாள். யாக்னா.
பதினேழு வருடமாக
இடப்பக்கப் பை, வலப்பக்கப் பை என்று
அட்டை வைத்து வெட்டுகிறவள்.
ரேடியோவுக்குப் புகார் எழுதியவள்,
இதற்கு எழுதவில்லை.
எங்கள் படிவத்தில் "காரணம்" என்றொரு கட்டம் உண்டு.
நிரப்பாமல் அனுப்ப முடியாது.
அந்தக் கட்டத்தை வைத்தது நான்தான்.

திங்கள் காலை, அவள் பெயருக்கல்ல, அவள் எண்ணுக்கல்ல,
மொத்தக் கம்பெனிக்கும் திறந்தேன்.
விதி எண் 41. குறிப்பு: வணிகத் தேவை.
பிறகு ஒரு நிமிடம் யோசித்து
அந்த விதிக்கு மட்டும்
பதிவெழுதுவதை நிறுத்தினேன்.

பன்னிரண்டு பத்துக்குத் திரையைப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை.
திறந்ததா, படித்தாளா,
தனக்கா, தங்கைக்கா,
எதுவும் இல்லை.
ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கு
இவ்வளவு வேலை செய்திருக்கிறேன்.

மார்ச்சில் தணிக்கைக்காரர் வந்தார்.
நாற்பத்தொன்றுக்கு ஏன் பதிவில்லை என்றார்.
வட்டில் இடமில்லை என்றேன்.
வட்டு பாதி காலி என்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"குறைபாடு, நடுத்தரம்" என்று எழுதிக்கொண்டு போனார்.

படிக்கட்டில் யாக்னா எதிரே வந்தாள்.
கையில் கத்தரிக்கோல்,
தலையில் புதிதாக ஒரு துணித் தொப்பி.
குளிருக்காக இருக்கலாம்.
நின்று, என்னைப் பார்த்து,
"ரேடியோ எப்போது வரும்?" என்றாள்.