ஒரு பவுன்

ஊறுகாய் ஜாடியின் அடித்தண்ணீரை
ரசம் மாதிரிக் குடித்தேன் அந்த வைகாசி முழுக்க.
மயக்கம் வந்தால் கிங் சர்க்கிள் பாலத்தடியில் உட்கார்ந்து
முந்தானையில் முடிந்த கல்லுப்பு.
"வெயில்ல அலையாதே, கரிச்சட்டி ஆயிட்டே"
நாத்தனார் ஒரு க்ரீம் வாங்கித் தந்தாள்.
உள்ளங்கை ரேகைக்குள் எந்த வெயில் நுழையும்?
கேட்கவில்லை.

சயானில் டாக்டர் ஷிர்கே முகத்தைப் பார்க்கவில்லை,
உதட்டை மடித்து ஈறைப் பார்த்தார்.
டிபி வந்ததுண்டா?
வந்தது. தாராவியில், தொண்ணூற்றெட்டில்.
ஆறு மாத மாத்திரையை மூன்றோடு விட்டவள் நான்.

"ஸான்ஸ் ரோக்கோ" என்றது
ஸ்கேன் வளையத்துக்குள் ஓர் ஆம்பளைக் குரல்.
ஊசிமருந்து ஏறத் தொடையெல்லாம் வெந்நீர்,
பெய்துவிட்டேனோ என்று கூசினேன்.

திரையில், இரண்டு கிட்னியின் உச்சியிலும்
இறகு போல் இருக்கவேண்டியது
சுண்ணாம்பாய் உதிர்ந்து கிடந்தது.
அட்ரினல்.
உப்பை உடம்பில் நிறுத்துவதும்
எழுந்து நின்றால் ரத்தத்தைத் தலைக்கு ஏற்றுவதும் அதுதானாம்.
என்ன எடை இருக்கும்?
"நாலு கிராம், ஒவ்வொன்றும்."

இரண்டும் சேர்த்தால் ஒரு பவுன்.
மாட்டுங்கா சேட்டிடம் வைத்து மூழ்கியதும் ஒரு பவுன்தான்.
அதற்கு ரசீதாவது இருந்தது.

இப்போது காலையில் ஒன்று, மூன்று மணிக்கு அரை.
காய்ச்சலென்றால் இரட்டிப்பு.
கன்னம் தெளிந்துவிட்டது, ஈறு இன்னும் கறுப்பு.
க்ரீம் பாதி மிச்சம்.
பித்தவெடிப்புக்குப் போடுகிறேன்.