ளரறல

ஊத்துக்கோட்டைத் தாலுகா ஆபீஸ், மூன்றாவது மேசை.
காலையிலிருந்து இரண்டு முறை பூட்டிக்கொண்டது அக்கவுன்ட்.
திருவள்ளூர் பஸ்ஸில் நின்றபடியே வந்தேன்,
பையில் கிரிம்பர், நாலு ஜாக், பாதி வடை.

"ஏம்மா, என் பேர்ல வேற யாரோ பூந்துட்டாங்களா?"
முனிரத்தினம் சார் எழுந்து நாற்காலியைத் தந்தார்.
கேபிளை ஆட்டினேன். சுவிட்சில் பச்சை மினுங்கியது.
கேப்ஸ் லாக் இல்லை. மணி சரி, தேதி சரி.
பக்கத்து மேசை சாந்தகுமாரி அதே சர்வரில்
பட்டா மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்.

கவுன்டருக்கு வெளியே தாராட்சிக்காரர் ஒருவர்
டோக்கனை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கிவிட்டார்.
"ஏமைந்தி?" என்கிறது பின்னால் ஒரு குரல்.
"பாஸ்வேர்டை மறந்துட்டாராம்."
"மறக்கல," என்றார் சார், கொஞ்சம் சத்தமாகவே.
"எப்பவும் அதேதான்.
மூணு மாசத்துக்கொரு தடவை மாத்தச் சொல்லும்,
வால்ல ஒண்ணு கூட்டுவேன். அவ்ளோதான்."

பூட்டைத் திறந்துவிட்டேன்.
அடித்தார். புள்ளி புள்ளியாய் விழுந்தது. தவறு என்றது.
"மேல்பெட்டியில அடிங்க சார், பேர் போடுற இடத்துல.
அங்க மறைக்காது."

தயங்கினார்.
நான் சுவருக்குத் திரும்பிக்கொண்டேன்.
நாகலாபுரம் ரைஸ் மில் காலண்டர்,
எனக்குப் படிக்க வராத தெலுங்கு,
வட்டம் வட்டமாய்.
அதுவும் ஒரு பாஸ்வேர்டு பெட்டி மாதிரிதான் இருந்தது.

"என்னம்மா இது?"
திரும்பினேன்.

ளரறல@17

காலையில் கலெக்டருக்குத் தமிழில் கடிதம் அடித்தவர்
மொழியை மாற்றாமல் டீக்குப் போயிருக்கிறார்.
அரை நாளாக மெஷின் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.
இரண்டு சாவிகளை அழுத்தினேன். அவ்வளவுதான் வேலை.
சார் சிரித்தார். தாராட்சிக்காரர் டோக்கனைப் பிரித்தார்.

"நான் பாத்துட்டேன் சார். மாத்திடுங்க.
முழுசா மாத்துங்க, வாலை மட்டும் இல்ல."
"சரிம்மா."
மறுபடியும் காலண்டர்.
முதுகுக்குப் பின்னால் சாவிகள் விழுந்தன.
எண்ண நினைக்கவில்லை. காது எண்ணிவிட்டது.
ஒன்பது.
பழையதும் ஒன்பதுதான்.

சர்வீஸ் ஷீட்டில் எழுதினேன்:
'கீபோர்டு மொழி. சரிசெய்யப்பட்டது.'
கையெழுத்துப் போடும்போது அவர் போன் அடித்தது.
"கல்பனா, சாப்ட்டேன், சாப்ட்டேன்" என்றார்.
மேசையில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
ஒரு காலத்தில் தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவள் நான்.
வேண்டாமென்றாலும் விரல்கள் தொடையில் நகர்கின்றன:
ளகரத்தின் அடியில் ஒய்,
ரகரத்தின் அடியில் எம்,
றகரத்தில் யு, லகரத்தில் என்.
அகரம் ஏறி உட்காரும் இடத்தில் ஏ,
இரண்டு இடத்தில். தமிழில் அது தெரியாது.

ஆறாக இருக்கலாம்.
வடக்கே போய்வந்த யாத்திரையாக இருக்கலாம்.
பதினேழை மூன்றால் பெருக்கினால்
நாலு வருஷம், மூன்று மாசம்.
இன்றைக்குப் பதினெட்டு.

பாலத்தருகே போன் அதிர்ந்தது.
ஆந்திரப் பிரதேசத்துக்கு வரவேற்கிறதாம்.
டவர் அந்தப் பக்கத்தது.
நான் எல்லையைத் தாண்டவே இல்லை,
என்று யாரிடம் சொல்ல.